பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு சர்வே எண்

படம் மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் திரையின் அடியில் ஒரு வரி வரும். ஏழு வினாடி நிற்கும். அந்த வரியைப் போடச் சொன்னவன் நான். எடிட்டர் வேண்டாம் என்றார், துறைத்தலைவி யோசித்தார், நான்தான் விடவில்லை. அந்த ஏழு வினாடி ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை எழுதலாமா என்று அந்தக் குடும்பத்து மகனிடமே கேட்டேன். "எழுதிக்குங்க சாரு, இனிமே என்னா போவப்போவுது" என்றார். அதனால் எழுதுகிறேன். எண்ணை மட்டும் எழுத மாட்டேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தியவன். ஓய்வு பெற்றபின் பதினோரு வருடமாக நெய்வேலியில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். எங்கள் வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. எங்கள் தெருவில் பதினெட்டு வீடு. அதில் பதினைந்து வீட்டுக்காரர்கள் என்னைப் போலத் தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வந்தவர்கள். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்திலும் மந்தாரக்குப்பத்திலும் இருக்கிறார்கள். முதல் ஒன்பது வருடம் அவர்களில் ஒருவரிடமும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நான் பேசியதில்லை.

அப்படி இருந்தவனைப் பேச வைத்தது துறைத்தலைவி. என்னிடம் ஆராய்ச்சி செய்தவர். இப்போது துறையில் கட்டுரைகளோடு ஆவணப்படங்களும் எடுக்கிறார்கள். ஒருநாள் போனில் அழைத்தார்.

"சார், சுரங்கத்துக்கு நிலம் போனவங்களைப் பத்தி நிறைய பேர் எடுத்துட்டாங்க. அந்த நிலத்துல கூலி வேலை பார்த்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கலை. நீங்க அங்கேயே இருக்கீங்க. பார்த்துச் சொல்றீங்களா?"

ஓய்வுக்குப் பிறகு என்னிடம் ஒரு வேலை கேட்டு வந்த முதல் அழைப்பு அது. உடனே சரி என்றேன்.

பதினான்கு மாதம் எடுத்தோம். இருபத்திரண்டு பேர் பேசினார்கள். கேமராவும் எடிட்டிங்கும் ஒருவரே. துறைக்கு வெளியிலிருந்து வருபவர், முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுக்கப் போய்விடுவார். ஆட்களைக் கண்டுபிடிப்பதும் கேள்வி கேட்பதும் கணக்குப் புத்தகம் எழுதுவதும் என் வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. எண், பேசியவர், எதைப் பற்றி, எத்தனை நிமிடம் எத்தனை வினாடி. கடைசிக் கட்டத்தில் "தேவை" அல்லது "தேவையில்லை". படம் வெட்டும்போது எடிட்டர் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்.

வடக்குத்தில் அந்த அம்மாவை ஒரு காலை நேரத்தில் எடுத்தோம். அறுபத்தாறு வயது. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, சுட்ட முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துச் சிறு கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டையின் பால் பட்டுப் பட்டு இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. நிமிடத்துக்குப் பதினான்கு கொட்டை.

"மொகம் வேணாம் சாரு. பேரும் வேணாம்" என்றார் முதலிலேயே.

"கையை மட்டும் எடுத்துக்கிறோம்மா" என்றார் எடிட்டர்.

"கையா? இந்தக் கையயா? சினிமாவுல காட்ட வேற நல்ல கை கெடைக்கலயா ஒங்களுக்கு?"

"குரல் வருமே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"கொரலு கெடக்குது. இந்தத் தெருவுல எல்லாப் பொம்பளைக்கும் ஒரே கொரலுதான். கத்திக் கத்தி அப்பிடி ஆயிடுச்சி."

அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். படுத்தபடியே குரல் கொடுத்தார். "பாத்துப் பேசு. கவுர்மெண்ட்டு ஆளுங்களா இருக்கப் போறாங்க."

"நீ சும்மா கெட மாமா. அவரு வாத்தியாரு."

"வாத்தியாருன்னா பெரம்பு எங்க?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். அவர் சொன்னது இது. அவரும் கணவரும் ஒரு நிலக்காரரிடம் கூலி வேலை பார்த்தார்கள். இரண்டு ஏக்கரும் கொஞ்சமும். நிலக்காரருக்குப் பிள்ளை இல்லை. மனைவி போன பிறகு நாலு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். உடன்பிறந்தவர் வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த அம்மாதான் முகம் கழுவிவிட்டு, கஞ்சி ஊட்டி, துணி மாற்றியவர். இவருடைய மகன் அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டு இரவில் தண்ணீர் கொடுத்தவர். நிலம் எடுப்பில் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று வந்தபோது, நிலக்காரர் இந்தப் பையனைத் தன் வளர்ப்பு மகன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தன் அண்ணன் மகன் வந்து சண்டை போட்டும் மாற்றவில்லை.

"பேருக்குத்தான் சாரு மவன். பேப்பருல. ஆனா அந்தப் பேப்பருதான எங்களுக்குச் சோறு போடுது" என்றார். பதினேழு வருடமாக மகன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை.

இந்த இடத்தில் பெரியவர் எழுந்து, கட்டிலை இழுத்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்துவிட்டார். "அவ பாதிதான் சொல்றா. அந்தப் பேப்பருல சாட்சிக் கையெழுத்து யாரு போட்டது? என்னக் கேளுங்க." கேமராவை அவர் பக்கம் திருப்பினோம். பேசினார். நடுவில் இருமினார், ஒரு சேவல் கூவியது, எதையோ தொட்டு எங்கேயோ போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தில் எழுதினேன். பெரியவர், கையெழுத்து பற்றி, ஆறு நிமிடம் இருபது வினாடி. கடைசிக் கட்டத்தில் "தேவையில்லை". அந்த அம்மா சொன்னதே போதும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் இறந்துபோனார்.

படத்தின் உயிரே அந்த அம்மாதான் என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாலு நிமிடம் பத்து வினாடி, இரண்டு கறுத்த கைகள், அந்தக் குரல். சண்டை வந்தது அடியில் போடும் வரிக்குத்தான். இரண்டு ஏக்கரும் கொஞ்சமும் என்று அவர் சொன்னதை நான் விடவில்லை. பழைய நில எடுப்பு அறிவிப்புகளின் நகல்களை ஒன்பது நாள் புரட்டி அந்த நிலத்தைக் கண்டுபிடித்தேன். இரண்டு ஏக்கர் பதினாறு சென்ட். சர்வே எண் கிடைத்த அன்று பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். அந்த எண் திரையில் வரவேண்டும் என்றேன்.

"சார், முகத்தையே மறைச்சுட்டோம். நம்பர் எதுக்கு?" என்றார் எடிட்டர்.

"அவங்க சொல்றது உண்மைன்னு பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கட்டுரையில அடிக்குறிப்பு இல்லாம விடுவோமா?"

"இது கட்டுரை இல்ல சார், படம்."

"வரலாற்றுத் துறைப் படம்."

துறைத்தலைவி என் முகத்தைப் பார்த்தார். அவருடைய ஆய்வேட்டில் எண்பத்தாறு அடிக்குறிப்புகளைத் திருப்பி அனுப்பியவன் நான். "போட்டுடுங்க" என்று எடிட்டரிடம் சொல்லிவிட்டார். முகம் இல்லை, பேர் இல்லை, ஊர்கூட இல்லை. வெறும் எண்ணை வைத்து யார் என்ன செய்யமுடியும் என்று நான் உறுதியாக இருந்தேன். முப்பத்துநான்கு வருடம் சர்வே எண்களைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

முடிந்த படத்தைத் துறையில் இருபத்துமூன்று பேர் பார்த்தார்கள். கைதட்டினார்கள். அடுத்து, டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்து வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திரையிட ஏற்பாடாயிற்று. அதற்கு முந்தைய புதன்கிழமை அழைப்பு கொடுக்க அந்த அம்மாவின் மகனை மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் பார்த்தேன். முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். நாற்பத்துமூன்று வயது. பெருமையாக என் போனில் அவர் அம்மா வரும் பகுதியைப் போட்டுக் காட்டினேன்.

முதலில் சிரித்தார். "எங்கம்மாதான். கட்டையத் தட்டறதப் பாத்தாவே தெரியும்." பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்தார். படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இந்த நம்பரு எப்பிடி சாரு வந்துச்சு?"

"நான் கண்டுபிடிச்சேன். அறிவிப்புல இருக்கு. பொது ஆவணம்தான்."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாரு, எங்கூர்ல இத்தினி வருஷமா கூட்டம், மனு, கேசுன்னு அலைஞ்சிக்கினு இருக்கோம். யாரு நம்பரு எதுன்னு சின்னப் புள்ளகூடச் சொல்லும். மொகத்த மறைச்சிட்டு நம்பரப் போட்டிருக்கீங்க. இதுக்கு மொகத்தயே போட்டிருக்கலாம்."

போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவர் தொடர்ந்தார்.

"நெலக்காரரோட அண்ணன் மவன் இந்த வேல எனக்கு வரவேண்டியதுன்னு இன்னும் சொல்லிக்கினுதான் இருக்கான். கையில ஒண்ணும் இல்லாம கத்திக்கினு கெடந்தான். இப்ப எங்கம்மா வாயாலயே பேருக்குத்தான் மவன்னு சொல்லுது. கீழ நம்பரு. பர்மனென்ட் லிஸ்ட்டுக்குப் பேப்பரெல்லாம் வெரிபிகேஷன் நடக்குது சாரு. அடுத்த மாசம் என்து."

"நம்பரை எடுத்துடறேன்."

"நம்பர இல்ல. எங்கம்மாவயே எடுத்துடுங்க. அது பேசுனது எங்கியும் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அழிச்சிடுங்க. வூட்ல ரெண்டு பொண்ணுங்க படிக்குது சாரு."

டீக்கடை வாசலிலிருந்தே துறைத்தலைவியை அழைத்தேன். ஆறாவது முறை எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார், "சார், திங்கட்கிழமையே படத்தைத் துறையோட இணையப் பக்கத்துல ஏத்தியாச்சே. லிங்க் உங்களுக்கும் அனுப்பினேனே."

"எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

"முப்பத்தெட்டு."

அப்போதே அதை மூடிவிட்டார். ஆனால் முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதான். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதினேன். நான் ஆறு முறை பார்த்திருந்தேன். எடிட்டர் மூன்று. துறைத்தலைவி இரண்டு. லிங்கை அனுப்பிய ஒவ்வொருவரையும் அழைத்து, பார்த்தீர்களா, எத்தனை முறை, யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். பழைய நண்பர் ஒருவர், "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார். இரண்டு நாள் போன் பேசி இருபத்தைந்துக்குக் கணக்குக் கிடைத்தது. பதின்மூன்று யார் என்று தெரியவில்லை. என் மகன் என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, பதின்மூணு பேரும் வெளியூர்க்காரங்களா இருப்பாங்க. சாப்பிடுங்க" என்றான். தட்டைத் தள்ளி வைத்தேன். பர்மனென்ட் வேலையில் இருப்பவனுக்கு அப்படிச் சொல்வது எளிது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போனேன். படத்திலிருந்து அந்த நாலு நிமிடம் பத்து வினாடியை எடுப்பது கடினமாக இல்லை. எடிட்டர் தன் ஊரிலிருந்தே செய்து அனுப்பிவிட்டார். மூலப்பதிவுதான் பிரச்சினை. துறையின் இரும்பு அலமாரியில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அலமாரியோடு ஒரு பதிவேடு. துறைத்தலைவி அதை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். மூலப்பதிவு எக்காரணம் கொண்டும் அழிக்கப்படக் கூடாது என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"சார், இது நீங்க எழுதின பக்கம்."

"தெரியும்."

"ஐம்பது வருஷம் திறக்கக் கூடாதுன்னு பூட்டி வைக்கலாம். அதுக்கும் விதி இருக்கு. அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"எங்கேயும் இருக்கக் கூடாதுன்னு சொல்றார்மா. நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

 அவர் சாவியை மேசைமேல் வைத்தார். "எனக்குப் பதினோரு மணிக்கு எம்.ஏ. வகுப்பு. ஐம்பது நிமிஷம் வர மாட்டேன்."

அந்த நாளின் பதிவு முழுவதும் ஒரே கோப்புறையில் இருந்தது. இரண்டு மணி ஒன்பது நிமிடம், நாற்பத்துநான்கு கோப்புகள். ஒன்றையும் திறக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் கை நின்றுவிடும். எடிட்டர் போனில் வழி சொன்னார்.

"அழிச்சீங்களா சார்?"

"அழிச்சிட்டேன்."

"அது குப்பைக்கூடையில போய் உட்கார்ந்திருக்கும். அதையும் காலி பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"ரெண்டாவது டிஸ்க்?"

"அதுவும்."

அந்த அம்மா பேசியதைத் தாளில் எழுதி வைத்திருந்த பதினொரு பக்கத்தையும் கிழித்தேன். ஐம்பது நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம்தான் ஆயிற்று. இரண்டு நாளுக்குப் பிறகு அன்று மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் ஐம்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். படம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து அந்த அம்மா இரண்டு பெண்களோடு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மகன் அவரிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. படம் முடிந்ததும் எழுந்து வந்தார். கூட வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"நான் எங்க சாரு?"

"படம் ரொம்ப நீளமாப் போயிடுச்சும்மா."

"எங்களப் பத்தி நீங்க பேசறதெல்லாம் வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "இவளுங்ககிட்ட நான் வருவன்னு சொல்லிக் கூட்டியாந்துட்டன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்களிடம் எதையோ சிரித்துச் சொல்லியபடி வெளியே போனார்.

பன்னிரண்டாம் நாள் மகன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றே ஒரு தாள்கட்டை நீட்டினார். அண்ணன் மகன் கொடுத்த ஆட்சேபணை மனுவின் நகல். விசாரணைக்கு நாள் குறித்த கடிதமும் கூட இருந்தது. மனுவின் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம். ஒரு போன் திரையை இன்னொரு போனால் எடுத்தது. இரண்டு கைகள், கல், கட்டை. அடியில் நான் போடச் சொன்ன வரி, ஒரு எழுத்து மங்காமல்.

என் பதின்மூன்றில் ஒருவர்.

 அவர் மனுவைத் திருப்பி இன்னொரு இடத்தைக் காட்டினார். நிலக்காரருக்கு அப்போது நினைவே இல்லை, அவர் கையெழுத்தைத் தாயும் மகனும் கள்ளத்தனமாகப் போட்டுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது.

"பேருக்குத்தான்னு எங்கம்மா சொன்னத நான் சமாளிச்சிக்குவன் சாரு. நாலு வருஷம் அவரு வூட்லதான் கெடந்தன். அவரு என்ன மவன்னுதான் கூப்புடுவாரு. ஆனா கள்ளக் கையெழுத்துன்னு எழுதியிருக்கான் பாருங்க. அதுக்கு இருந்த ஒரே ஆளு அந்தப் பெரியவருதான். அவரும் பூட்டாரு. அன்னிக்கி ஒங்க கேமராவுல அதத்தான பேசுனாரு? எங்கம்மா சொல்லுச்சு. அத மட்டும் குடுங்க சாரு. போதும்."

சொல்லக் கூடாததைச் சொன்னேன். "நீங்கதானே எல்லாத்தையும் அழிக்கச் சொன்னீங்க?"

"எங்கம்மா பேசுனதச் சொன்னன் சாரு."

கேட்டின் கம்பியை விட்டுவிட்டு அவர் போய்விட்டார். வண்டியை எடுக்கக்கூட மறந்து, கொஞ்சதூரம் நடந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அழிந்த கோப்புகளை மீட்கும் கடை ஒன்று இருக்கிறது என்று எடிட்டர் சொன்னார். இரண்டு டிஸ்க்கையும் கொடுத்தோம். நாலு நாள் கழித்து ஒரு கல்யாண ஊர்வலமும், துறைக் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையும் மீண்டு வந்தன. அதன் பிறகு டிஸ்க்கில் வேறு பலவற்றை ஏற்றிவிட்டார்கள், மேலே எழுதினால் அடியில் இருந்தது போய்விடும் என்றார் கடைக்காரர். பெரியவர் பேசியதை யாரும் தாளிலும் எழுதி வைக்கவில்லை. நான் தேவையில்லை என்று குறித்ததை எழுதுவதில்லை என்பது எங்கள் வழக்கம்.

விசாரணையில் நானே வந்து சொல்கிறேன் என்றேன். மகன் மறுக்கவில்லை. அந்த அம்மாவும் வந்திருந்தார். அவரை வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். விசாரணை செய்தவர் பொறுமையான மனிதர். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"அந்தச் சாட்சி உங்ககிட்ட என்ன சார் சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையையே சொல்லுங்க."

ஏழு இரவுகள் நான் நினைவுபடுத்திப் பார்த்திருந்தேன். நாலாவது நிமிடத்தில் சேவல் கூவியது நினைவிருக்கிறது. இரண்டு முறை இருமினார். கட்டிலின் ஒரு கால் குட்டை, அது ஆடிக்கொண்டே இருந்தது. சாட்சிக் கையெழுத்துத் தான் போட்டது என்று சொன்னார், அது உறுதி. நிலக்காரர் நல்ல நினைவோடு, தன் கையாலேயே போட்டார் என்று சொன்னாரா? சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் இப்போது நினைப்பதால் சொன்னதாகத் தோன்றுகிறதா? அது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவர் பேசியபோது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிலக்காரர் தானே கையெழுத்துப் போட்டதாச் சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றேன்.

"மாதிரியா சார், சொன்னாரா?"

மகன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். நான் என் மாணவர்களிடம் வாழ்நாளெல்லாம் எதை மன்னிக்கவில்லையோ அதைச் செய்ய அந்த அறைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனாலும் வாய் திறக்க நாலைந்து வினாடி ஆயிற்று.

"சொன்னார்" என்றேன்.

விசாரணை செய்தவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தியிருந்தார். அதை மறுபடி எடுக்கவில்லை. "இதுல குறிப்பு ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று என் மடியில் இருந்த கணக்குப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார். பெரியவர் பேசினார் என்பதற்கு அதுவாவது இருக்கட்டும் என்று நான்தான் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக வாய்விட்டுப் படித்தார்.

"பெரியவர். கையெழுத்து பற்றி. ஆறு நிமிடம் இருபது வினாடி. தேவையில்லை."

புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார். "சொல்லிட்டீங்களா சாரு?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். மகன் வண்டியைக் கிளப்பி அம்மாவை ஏற்றிக்கொண்டார். போகும்போது, "பஸ்ஸுக்கு நேரம் கீது, நெழல்ல நில்லுங்க சாரு" என்றார் என்னிடம்.

அடுத்த மாதம் பர்மனென்ட் பட்டியலை ஒட்டினார்கள். போகாதீர்கள் என்று வீட்டில் சொல்லியும் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு தாள். முன்னால் கூட்டம். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன். பெயர் இல்லை. கீழிருந்து மேலே படித்தேன். தகப்பன் பெயர்க் கட்டத்தில் நிலக்காரர் பெயர் எங்காவது இருக்கிறதா என்று அந்த வரிசையை மட்டும் தனியாகப் படித்தேன்.

பின்னால் யூனிபார்மோடு நின்ற ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"யாரு பேரு பெரியவரே, மவனா?"

"இல்லீங்க. தெரிஞ்சவரு."

"மூணு மொற பாத்துட்டீங்க. இல்லன்னா இல்லதான். கொஞ்சம் ஒதுங்குங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

ஒதுங்கினேன்.